வண்ணம் தீட்டட்டும்... மூடி பத்திரம்!

ஆடலூர் மாதிரி மலையூர்களில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். அப்போது கலர் பென்சில், ஸ்கெட்ச் பேனா எடுத்துக் கொடுங்கள். விலை குறைந்ததே போதும். காபிப் பழம் வரைந்தால், மஞ்சள் பென்சிலை லேசாகத் தேய்த்து, மேலே சிவப்பு பூசச் சொல்லுங்கள். பழுக்கும் நிறம் தானாக வரும். ஸ்கெட்ச் பேனா ஓரக்கோட்டுக்கு மட்டும். முழுசும் அதிலேயே தேய்த்தால் தாள் கிழிந்துவிடும்!

பேனா வாங்கும்போது மூடியின் நுனியைப் பாருங்கள். ஓட்டை இருக்கிறதா? அது அழகுக்கு அல்ல. வாயில் வைத்துக் கடிக்கும் மூடி தவறி மூச்சுக்குழாயில் சிக்கினால், கொஞ்சமாவது காற்று போகத்தான். இதற்காகவே 1990-ல் பிரிட்டனில் ஒரு தரவிதி வந்தது.

ஓட்டை இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். குழந்தை இரும முடிந்தால் இருமட்டும். முடியாமல் திணறினால் முன்பக்கம் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மலைப்பாதையில் வண்டி வந்துசேர நேரமாகும்.