மார்கழி, தை மாதக் காய்கறிகளும் நம் கொள்முதலும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை காய்கறி வியாபாரத்தை எவ்வளவு பாதிக்கும் என்பதை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரக் கடைக்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் மழை ஓய்ந்து பனி இறங்கியதும் நல்ல காய்கள் மலிவாக வரத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் நம்மில் பலர் செய்கிற தவறு, பன்னிரண்டு மாதமும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு கோயம்பேடு போவதுதான்.

முருங்கைக்காயையே எடுத்துக்கொள்வோம். நம் மாநிலத்து முருங்கை மழையில் பூ உதிர்ந்து, பங்குனி, சித்திரையில்தான் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். மார்கழியில் மண்டிக்கு வருவது பெரும்பாலும் மகாராஷ்டிரம், குஜராத் சரக்கு. லாரி வாடகை சேர்ந்து விலை பல மடங்கு ஏறிவிடும். வாங்க வரும் தாய்மார்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். நமக்கு முதல் முடங்குவதுதான் மிச்சம்.

அதே வாரத்தில் பச்சை மொச்சையும் அவரையும் குவிந்து கிடக்கும். பனிக்குத்தான் அவரை பூக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் பனியைவிடப் பகல் பொழுது குறைவதே காரணம். நாட்டு அவரை, மொச்சை ரகங்கள் பகல் குறுகினால்தான் பூவெடுக்கும். ஆடியில் விதைத்தாலும் காய்ப்பு மார்கழி, தையில்தான். ஆண்டு முழுவதும் காய்க்கிற குத்து அவரையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் பனிக்காலத்து நாட்டு அவரையின் வாசனை அதற்கு இல்லை என்பது நம் கருத்து.

இவற்றுடன் சர்க்கரைவள்ளி, கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, பரங்கி, முள்ளங்கி, பச்சைப் பட்டாணி, காலிஃபிளவர் எல்லாம் இந்தப் பருவத்துச் சரக்கு. திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டும் பொங்கலன்று பல காய் போட்ட குழம்பும் வைக்கிற வழக்கம் எப்படி வந்தது என்று யோசித்தால், அந்த நேரத்தில் தோட்டத்தில் கிடைத்ததெல்லாம் அதில் இருப்பது தெரியும்.

மலிவு என்று மூட்டை மூட்டையாக இறக்கினாலும் ஆபத்துதான். கிலோ 20 ரூபாய்க்கு 10 கிலோ வாங்கி 2 கிலோ கழிந்துபோனால், மீதியின் அடக்கம் கிலோ 25 ரூபாய் ஆகிவிடுகிறது. பட்டாணியும் மொச்சையும் கோணிக்குள்ளேயே சூடேறும். வந்தவுடன் கொட்டிப் பரப்ப வேண்டும். பட்டாணியின் இனிப்பு நாளுக்கு நாள் மாவாக மாறிவிடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. முள்ளங்கியில் தழை இருந்தால் கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும். வெட்டித் தனியே விற்கலாம். காலிஃபிளவருக்கு மாறாக, சுற்றிலும் உள்ள இலைதான் காவல். சர்க்கரைவள்ளியைக் குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது. வைத்தால் நடுவில் கட்டிவிழுந்து, வேகாது.

வெங்காயத்துக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். இந்த மாதங்களில் மகாராஷ்டிரத்திலிருந்து வருவது மழைக்காலப் பயிரின் புது வெங்காயம். தோல் மெல்லியது, ஈரம் அதிகம். கோடையில் அறுவடையாகும் வெங்காயத்தைப் போல மாதக்கணக்கில் நிற்காது. 2019 டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது இன்னும் ஏறும் என்று இருப்பு வைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

வண்டிச் செலவும் கவனிக்க வேண்டியது. 2020 மே முதல் செப்டம்பர் வரை மொத்தச் சந்தை திருமழிசையில் நடந்தபோது பூவிருந்தவல்லிக்காரர்களுக்குத் தூரம் குறைந்தது (சேற்றில் இறங்கிச் சரக்கு எடுத்தது வேறு விஷயம்). இப்போது மீண்டும் கோயம்பேடுதான். ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை பிடித்தால், ஆளுக்கு அரை மூட்டையாகப் பிரித்துக்கொள்ளலாம், தேக்கமும் இருக்காது.

பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாள்தான் உச்ச விற்பனை. காணும் பொங்கலன்று கேட்பார் குறைவு. மீதமாகும் கிழங்கும் பரங்கியும் ஒரு வாரம் தாங்கும். மொச்சை தாங்காது, போகியன்று மாலையே உரித்து, கால் கிலோ, அரை கிலோவாகக் கட்டி வைத்தால், வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் விலை பேசாமல் வாங்கிப் போவார்கள்.