எல்லவின் மலைப்பாதைகளை முதலில் நடந்தவர்கள்

விடுமுறைக்கு மலையகம் செல்லும் வடபகுதிக் குடும்பங்கள் பல இப்போது எல்லவையும் தமது பயணத்தில் சேர்த்துக்கொள்கின்றன. பதுளை மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்தச் சிறு நகரம் மலைநடைப் பாதைகளுக்குப் பெயர்பெற்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து தொடருந்தில் செல்வோர் பொல்கஹவெலயில் இறங்கி, பதுளை செல்லும் வண்டிக்கு மாறலாம். குட்டிச் சிவனொளிபாதமலை எனப்படும் குன்றில் சிறுவர்களும் ஏறிவிடுவார்கள். எல்ல பாறைக்கு ஏறி இறங்க அரைநாள் வேண்டும். தெமோதரைப் பக்கமாக, 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் அட்டைக்கடியும் அதிகம். மண்சரிவால் தொடருந்துப் பாதை தடைப்படுவதும் உண்டு. புறப்படுமுன் விசாரிப்பது நல்லது.

இந்தப் பாதைகள் எப்படி வந்தன? இவற்றில் பல உல்லாசப் பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. தோட்டங்களுக்குள் ஆட்கள் போய்வரவும், கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லவும் உருவானவை. கண்டியில் தொடங்கி எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் ‘பெக்கோ ட்ரெயில்’ என்னும் 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நடைப்பாதையும் இத்தகைய பழைய தோட்டப் பாதைகளை இணைத்தே அமைக்கப்பட்டது.

அந்தத் தோட்டங்களை உருவாக்கியவர்கள் மலையேறுவதற்கு முன்பே நெடுந்தூரம் நடந்தவர்கள். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் கொலராவாலும் மலேரியாவாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த நடையை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி இடம்பெற்றது. மலையகப் பாதைகளின் கதை நமது வடமாகாண மண்ணில்தான் தொடங்குகிறது.

நமது அரசியலிலும் அந்தக் கதை இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸுடன் முரண்பட்டுப் பிரிந்தவர்களே, செல்வநாயகம் தலைமையில் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவெடுத்தது. அந்த மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களில் அடிபட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். பின்னர் வன்னிப் போர் அவர்களையும் விடவில்லை. இடம்பெயர்வு முகாம்களில் நமக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்களில் பலரின் பாட்டன், பாட்டி எல்லவைச் சூழ்ந்த ஊவா மலைகளில் கொழுந்து பறித்தவர்களாக இருக்கலாம்.

இன்றும் பல குடும்பங்கள் வெள்ளைக்காரர் காலத்து லயன் அறைகளிலேயே வாழ்கின்றன. 2014 ஒக்டோபர் 29இல், அதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்கள் குடியிருக்க வேறு நிலம் கிடைத்திருக்கவில்லை. காணி இழப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்கோ இழப்பதற்கும் சொந்தக் காணி இருந்ததில்லை.

ஆகவே எல்லவுக்குப் போகிறவர்கள் மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். வழிகாட்டி தேவையென்றால் தோட்டத்து இளைஞர் ஒருவரை அமர்த்துங்கள். சாப்பாட்டையும் தேநீரையும் அவர்களது சிறு கடைகளில் வாங்குங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் பேசுவதும் தமிழ்தான். நின்று நாலு வார்த்தை பேசுங்கள். முள்ளிவாய்க்காலைப் பற்றி அவர்கள் நம்மிடம் கேட்பார்கள். மீரியபெத்தையைப் பற்றி நாமும் அவர்களிடம் கேட்க வேண்டும்.