பல்லிணை மாறும் நொடி

பழைய மகிழுந்து ஒன்று சாலையில் சென்றுகொண்டிருக்கிறது. தானாகவே பல்லிணை மாறும் வகையைச் சேர்ந்தது அது. ஆகவே ஓட்டுநரின் இடக்காலுக்கு வேலையில்லை. வேகம் சற்றுக் கூடியதும், பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல் ஊர்தி ஒருமுறை குலுங்கி அடுத்த பல்லிணைக்கு மாறுகிறது. பணிமனையில் காட்டினால், பல்லிணைப் பெட்டியையே பிரிக்க வேண்டும் என்னும் தீர்ப்பு உடனே கிடைப்பதுண்டு. பழைய ஊர்தியின் விலையில் பெரும்பங்கை அந்த ஒரு வேலையே விழுங்கிவிடும். அதற்கு அஞ்சி, இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய ஊர்தியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவோரும் உளர். அத்தீர்ப்பு சில வேளைகளில் சரியாகவே இருக்கும். ஆயினும் பெட்டியைப் பிரிப்பதற்குமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவை எவை என்பது அப்பெட்டி இயங்கும் முறையை அறிந்தால் விளங்கும்.

தானியங்கிப் பல்லிணைப் பெட்டி பெருமளவு உற்பத்திக்கு முதலில் வந்த நாடு அமெரிக்கா. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் அறிவித்த ‘ஹைட்ராமேட்டிக்’, 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் ஊர்திகளில் இடம்பெற்றது. பெயரின் முற்பாதி நீர்மத்தைக் குறிக்கிறது. அப்பெயர் பொருத்தமானதே, இப்பெட்டியில் எண்ணெய் செய்யாத வேலை இல்லை.

எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளுள் ஒன்றை இயக்கினால், அதன் காற்றுப்பட்டு மற்றொன்றும் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்ததுபோன்ற அமைப்பே எஞ்சினின் ஆற்றலைப் பெட்டிக்குள் கொண்டுசெல்கிறது. அதனை அடுத்து இருப்பது கோள் பல்லிணைத் தொகுதி. நடுவில் சூரியப் பல்லிணை, அதனைச் சுற்றிக் கோள் பல்லிணைகள், அவற்றுக்கு வெளியே வளையப் பல்லிணை. இவற்றின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். இவற்றுள் எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வேக விகிதம் மாறும். பிடிப்பவை கிளட்ச் தட்டுகளும் பட்டைகளும். அவற்றை அழுத்திப் பிடிக்கச் செய்வதும் எண்ணெயே.

ஆகவே பல்லிணை மாறுவது என்பது, ஒரு பிடி தளரும்போது மற்றொரு பிடி இறுகுவதாகும். தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறுவதோடு இதனை ஒப்பிடலாம். முதற்பிடி முன்னதாக விட்டுவிட்டால் எஞ்சின் வெறுமனே இரைந்து வேகமெடுக்கும். பிறகு இரண்டாம் பிடி விழும்போது ஊர்தி அதிரும். இரண்டாம் பிடி அளவுக்கு மீறிய அழுத்தத்தோடு விழுந்தாலும் அதே அதிர்வுதான். அந்த அழுத்தத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஜெனரல் மோட்டார்ஸ் 1964இல் அறிமுகப்படுத்திய ‘டர்போ ஹைட்ராமேட்டிக் 400’ பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாயில் ஒரு வெற்றிடம் உருவாகிறது. ஓட்டுநர் மெல்ல மிதித்தால் அவ்வெற்றிடம் வலுவாக இருக்கும். அழுந்த மிதித்தால் குறையும். அக்குழாயிலிருந்து சிறிய ரப்பர்க் குழல் ஒன்று பெட்டியில் உள்ள சீராக்கிக்குச் செல்கிறது. வெற்றிடம் குறைந்தால், சுமை மிகுந்துள்ளது என்று கொண்டு சீராக்கி எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். ஆண்டுகள் பல கடந்து அந்த ரப்பர்க் குழல் வெடித்துவிட்டால் வெற்றிடம் வந்து சேராது. சமதளத்தில் மெல்லச் செல்லும் ஊர்தியைப் பெட்டியோ மலையேறும் ஊர்தி என்றே கருதும். முழு அழுத்தத்தோடு, காலந்தாழ்த்தி, முரட்டுத்தனமாகப் பல்லிணையை மாற்றும். பெட்டிக்குள் ஒரு பழுதும் இராது. விரல் நீளக் குழலுக்காகப் பெட்டியைப் பிரிப்பது எத்துணை வீண்! சீராக்கியின் உள்ளிருக்கும் மென்தகடு கிழிந்தால் வேறொரு விந்தையும் நிகழும். பெட்டியின் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும். தரையில் ஒரு சொட்டும் இராது. புகைக்குழாயில் வெண்புகை மட்டும் வரும்.

பிற்கால ஊர்திகளில் இப்பொறுப்பைக் கணினியும் மின்காந்த வால்வுகளும் ஏற்றன. அவற்றுள் சில, மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் தாம் கற்றதை மறந்து, சிறிது காலம் குலுங்கிப் பின் தாமே சீராகும்.

எந்தக் காலத்துப் பெட்டியாயினும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயையே. கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே பிடிப்பதால், அந்த எண்ணெய் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் விட வேண்டும். இம்முரணான பண்பைப் பெற ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயையே அமெரிக்கர் கலந்தனர். 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசு அதனைத் தடைசெய்தபின், வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேட நேர்ந்தது. ஆதலின் ஊர்தியின் கையேடு கூறும் வகையை விடுத்து வேறொன்றை ஊற்றினால், புதிய எண்ணெயே குலுக்கலுக்குக் காரணமாகலாம்.

எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும். நுரைத்த எண்ணெயால் அழுத்தம் தர இயலாது. மிகுதியாக ஊற்றினாலும் சுழலும் உறுப்புகள் கடைந்து நுரையாக்கிவிடும். பெரும்பாலான ஊர்திகளில் எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும் என்பதை மறந்து ஏமாறுவோர் பலர். புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அது கருத்துத் தீய்ந்த வாடை வீசினால் தட்டுகள் வெந்துள்ளன என்று பொருள்.

பழைய பெட்டியில் எண்ணெயை மாற்றினால் பெட்டியே கெட்டுவிடும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. முன்பே தேய்ந்து போன பெட்டியில், கடைசி முயற்சியாக எண்ணெயை மாற்றுகிறார்கள்; சில நாளில் அது நின்றதும் பழி எண்ணெயின்மேல் விழுகிறது. ஆயினும் அவ்வச்சத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. இயந்திரத்தின் அழுத்தத்தால் உள்ளே கழுவும்போது, படிந்திருந்த கசடு பெயர்ந்து மெல்லிய வால்வுத் துளைகளில் சிக்கக்கூடும். அதனினும், வடித்துவிட்டு ஊற்றும் எளிய முறை நன்று. ஒருமுறை வடித்தால் ஒரு பகுதியே வெளிவரும். சில வாரம் ஓட்டி மீண்டும் வடித்து ஊற்றலாம்.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் கிழிந்திருந்தாலும் இதே குலுக்கல் தோன்றும். அவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

எண்ணெய் வடிக்கும்போது அடித்தட்டைக் கழற்றினால், அதிலுள்ள காந்தத்தைக் காணலாம். மைபோல் மென்மையான சாம்பல்நிறப் பசை அதில் ஒட்டியிருந்தால், அது வழக்கமான தேய்மானம், துடைத்து மாட்டிவிடலாம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால், பெட்டியைப் பிரிக்கும் பேச்சை அப்போது எடுக்கலாம்.