வேலை மாறி ஆசிரியராகலாமா?

பராந்தக சோழன் காலத்து நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு, சபை உறுப்பினர்க்கு வயதும் கல்வியும் விதித்தது. ஆசிரியராவதற்கும் விதிகள் உண்டு. பொறியியல் முடித்து ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரியும் அக்காமார் சிலர், "அஞ்சல்வழியில் பி.எட். படிக்கலாமா?" என்று வினவுகின்றனர். இயலாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி அவ்வழி, முன்பே ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கே உரியது.

ஆனால், அறிவியல், கணிதம் சார்ந்த பொறியியலில் 55 விழுக்காடு பெற்றோர் நேரடி பி.எட். வகுப்பில் சேரலாம் (ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குச் சலுகை உண்டு). ஈராண்டுப் படிப்பு, அதில் 20 வாரங்கள் பள்ளியிலேயே பயிற்சி. சம்பளமின்றி ஈராண்டு என்பது குடும்பத்துக்குச் சுமைதான்! ஆயினும், வகுப்பில் நின்று பழகாதவரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைக்க நமக்கே மனம் வருமா?

பணம் கட்டுமுன் இதனையும் அறிக: ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். போதாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சிறுவர்க்குக் கற்பிக்க விரும்புவோர் தொடக்கக் கல்விப் பட்டயமே படிக்க வேண்டும்.