முட்டை தின்னும் பல்லிக்கு விஷம் எதற்கு?

குவாத்தமாலா நாட்டின் மோத்தாகுவா பள்ளத்தாக்கு. அங்குள்ள முள்காட்டில் வாழ்கிறது குவாத்தமாலா மணிப்பல்லி. உடல் முழுக்கப் பாசிமணி கோத்ததுபோல் உருண்டைகள். பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரு சிறு எலும்பு. ஊர்மக்கள் இதற்கு வைத்த பெயர் 'தூங்கும் குழந்தை'. வறண்ட மாதங்களில் வளைக்குள் முடங்கிக் கிடக்கும். மழைக்காலத்தில் வெளியே வந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்று, மிஞ்சிய கொழுப்பை வாலில் சேர்த்துவைக்கும்.

முட்டை ஓடாது, எதிர்த்துக் கடிக்காது. பிறகு விஷம் ஏன்?

தற்காப்புக்குத்தான். பாம்புக்கு விஷச்சுரப்பி மேல்தாடையில்; இதற்குக் கீழ்த்தாடையில். ஊசிபோல் விஷத்தைப் பாய்ச்சும் துளைப்பல்லும் இல்லை. கவ்விய பிடியை விடாமல் மெல்லும்போது, பற்களில் உள்ள பள்ளம் வழியே விஷம் காயத்துக்குள் இறங்கும். கடிபட்டவருக்குக் கடும் வலி. இரத்த அழுத்தம் சரியும்.

இத்தகைய விஷம் மருந்துக்கும் வழிகாட்டியது. மணிப்பல்லியின் உறவான கீலா பல்லியின் விஷத்தில் 1992-இல் கண்டறியப்பட்டது எக்செண்டின்-4 என்ற பொருள். அதையே செயற்கையாகத் தயாரித்து உருவாக்கிய சர்க்கரை நோய் மருந்துக்கு 2005-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

மணிப்பல்லியின் நிலையோ கவலைக்குரியது. வயலுக்கும் மேய்ச்சலுக்கும் காடு அழிந்தது; பயத்தில் அடித்துக் கொன்றவர்களும் பலர். எஞ்சியவை சில நூறுதான். 2007 முதல் இதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை இருக்கிறது. பள்ளத்தாக்கின் கிராமத்தார் சிலர் இப்போது இதைக் கண்டால் கல்லெடுப்பதில்லை. ஆய்வாளர்களுக்குத் தகவல் சொல்கிறார்கள்.