எட்டில் மாட்டிய சங்கிலி

மகாகவி பாரதி நகர் போகணும் என்று முழுதாகச் சொன்னால் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "அது எங்க சார் கீது?" என்பார். எம்.கே.பி. நகர் என்று சொல்லுங்கள், அடுத்த நொடி பேச்சு காசுக்கு வந்துவிடும். வியாசர்பாடியை ஒட்டிய எங்கள் பேட்டையில் பாரதி மூன்று ஆங்கில எழுத்துக்குள் சுருண்டு படுத்து வெகுகாலமாகிறது. 'பி' யாருடைய 'பி' என்று தெரியாமலே இங்கே பத்தாவது முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதிப் பேர் வகுப்பில் பாரதி என்ற பெயரில் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

அரிதான பெண் பெயர் ஒன்றைப் பிடித்து எழுதுங்கள், பெயர்க் கட்டுரை எப்போதும் ஓடும் என்று பத்திரிகையிலிருந்து சொன்னார்கள். சரியாக அதே வாரம் பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. "அங்கிள், யாருமே வெக்காத பேரா ஒண்ணு சொல்லுங்க. ஸ்கூல்ல அதே பேர்ல இன்னொருத்தி இருக்கக் கூடாது" என்றாள்.

"சங்கிலி" என்றேன்.

அவள் அம்மா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. "இன்னாண்ணே, சங்கிலின்றது ஆம்பள பேராச்சே. ரவுடி மாதிரி கீது."

வடசென்னைக்காரர்கள் இப்படிச் சிரிக்கலாமா என்பதுதான் எனக்கு வருத்தம். சங்கிலி இந்தப் பக்கத்துப் பெண். செங்குன்றம் தாண்டி உள்ளே போனால் ஞாயிறு என்று ஒரு கிராமம் வரும். அந்த ஊர் ஞாயிறு கிழார் வீட்டு மகள். புகுந்த ஊர் திருவொற்றியூர். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையன்று கோயிலுக்குள் நெருக்கியடித்து நின்றவர்களுக்கு நான் கதை சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கதையில் நம் ஆட்கள் சுந்தரரைப் பார்க்கிற அளவுக்குச் சங்கிலியைப் பார்ப்பதில்லை.

பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்வது ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில். கல்யாணப் பேச்சு எடுத்ததும் மகள் மயங்கி விழுகிறாள். சிவனடியார் ஒருவருக்குத்தான் நான், என்னைத் திருவொற்றியூரில் கொண்டுபோய் விடுங்கள் என்கிறாள். பெற்றவர்களும் அங்கே கன்னிமாடம் கட்டிக் கொடுத்து விட்டு வருகிறார்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாமிக்குப் பூத்தொடுப்பது அவள் வேலை. திரை விலகிய ஒரு கணத்தில் சுந்தரர் பார்த்துவிடுகிறார். நேரே சாமியிடம் போய்ப் பெண் கேட்கிறார்.

சாமி சங்கிலியின் கனவில் வருகிறார். அவள் உடனே தலையாட்டவில்லை. அவருக்குத் திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கிறாரே, அங்கே மகிழ்ந்திருக்கிறவர் ஆயிற்றே என்று கேட்கிறாள். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுப்பார் என்று இறைவன் ஈடு சொன்ன பிறகுதான் இசைகிறாள். சுந்தரர் சும்மா இருப்பாரா? நான் கருவறை முன்னால் சத்தியம் செய்கிற நேரத்தில் நீர் போய் மகிழமரத்தடியில் இருந்துகொள்ளும் என்று சாமியோடு தனியே ஏற்பாடு செய்துகொள்கிறார். சாமி அந்த ஏற்பாட்டையும் சங்கிலியிடம் போட்டுக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் சுந்தரர் சந்நிதிக்கு அழைக்க, சங்கிலியின் தோழிகள், "இதற்காகவா சாமி முன்னால் சத்தியம்? மகிழமரத்தடியே போதும்" என்கிறார்கள். மாட்டிக்கொண்டார். மரத்தை மூன்று முறை சுற்றி வந்து வாக்குக் கொடுத்தார். பின்னால் திருவாரூர் வசந்த விழா நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. வெண்பாக்கத்தில் கோல் கிடைத்தது. (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. சென்னைக்காரன் குடிக்கிற தண்ணீரில் அதுவும் கலந்திருக்கிறது.) காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் திரும்பி வந்தன. சங்கிலியால்தான் கண் போனது என்பதைத் திருமுல்லைவாயில் பதிகத்தில் அவரே பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார்.

சத்தியம் வாங்காமல் கழுத்தை நீட்டாத இந்தப் பெண்ணின் பெயர் ஏன் வீட்டுப் பெயராகவில்லை? அதே பெரியபுராணத்திலிருந்து திலகவதி வந்தாள், புனிதவதி வந்தாள், மங்கையர்க்கரசி எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உண்டு.

எனக்குத் தோன்றுவது இது. 'சங்கிலி' என்ற சொல் வடமொழிச் சிருங்கலாவிலிருந்து பிராகிருத வழியாக வந்தது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கி வைத்த தனித்தமிழ் அலையும், அதற்குப் பின்னால் வீடு வீடாகக் கண்ணகியையும் மணிமேகலையையும் கயல்விழியையும் கொண்டுவந்த அரசியல் அலையும் இவளைக் கண்டுகொள்ளவில்லை. சொல்லும் வடசொல், கதையும் பக்திக் கதை. பக்தி வீட்டுக்காரர்களோ, சொல் கொச்சையாக இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். தெற்கே சங்கிலிக் கருப்பன் காவல் தெய்வமாக நிற்கிறார். யாழ்ப்பாணத்துக்குச் சங்கிலி மன்னர்கள் இருந்தார்கள். 1982-இல் சிவாஜி நடித்த படத்துக்கே சங்கிலி என்று பெயர். ஆண்கள் மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சத்தை நாய்ச் சங்கிலியும் சர்வேக்காரர் சங்கிலியும் ரயில் பெட்டி அபாயச் சங்கிலியும் பங்கு போட்டுக்கொண்டன. முகப்பு வைத்த சங்கிலி, இரட்டைவடச் சங்கிலி என்று நகைக்கடையில் மட்டும் பெண்களோடு அதற்குக் கொஞ்சம் உறவு இருந்தது. அங்கேயும் இப்போது 'செயின்'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பதினெட்டுச் சக்தி பீடங்களின் பட்டியலில் சிருங்கலா தேவி என்று ஓர் அம்மனை வங்காளத்தில் சொல்கிறார்கள். அந்தப் பெயரை 'ஷ்ரிங்கலா' என்று ஆக்கிக் கொடுத்திருந்தால் பக்கத்து வீட்டம்மா சிரித்திருக்கவே மாட்டார். கிரந்த எழுத்து ஒன்று முன்னால் நின்றால் பொருள் கேட்கிற பழக்கம் நம்மிடம் இல்லை.

பரவையின் நிலைமையும் இதுதான். கடல் என்று பொருள். முதலாம் இராசேந்திரன் காலத்தில் ஆரூர்க் கோயிலுக்குப் பொன் வேய்ந்த, அரசனுக்கு நெருக்கமான அணுக்கியார் பெயர் பரவை நங்கை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடலை வைத்தே சோறு தின்கிற கரையில் ஒரு பரவையை நான் கேள்விப்பட்டதில்லை. கோட்புலி நாயனாரின் மகள்கள் சிங்கடியும் வனப்பகையும் அந்த விஷயத்தில் இன்னும் பாவம்.

ஆனால் என்னை அரிக்கிற கவலை இதைவிடப் பெரியது. ஒரு காலத்தில் பெயருக்கு வீட்டில் வரிசை இருந்தது. பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி. ஆயாவின் பெயரைத் தூக்கிச் சுமப்பவள். வடிவாம்பாள் போனால் வடிவு வந்தாள். இன்றைக்கு அந்த இடத்தில் எண்கணிதக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இருப்பது ஆங்கில எழுத்துக்கான அட்டவணை. தமிழ்ப் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் படிக்கவே தெரியாது என்பதுபோல் நடந்துகொள்வார். சங்கிலியை அவர் முறைப்படியே கூட்டிப் பார்த்தேன். எஸ் 3, ஏ 1, என் 5, ஜி 3, ஐ 1, எல் 3, ஐ 1. மொத்தம் 17. ஒன்றும் ஏழும் எட்டு. சனியின் எண். முடிந்தது சங்கிலியின் கதை. இன்னொரு 'எல்' போட்டு 20 ஆக்கலாம் என்பார். அதன்பின் அந்தக் குழந்தை ஆயுள் முழுக்க ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரு வேண்டாத 'எல்'லைச் சுமக்கும்.

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். பன்னிரண்டு மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. யோசிக்கக் கொடுத்த அவகாசம் அது. அதையெல்லாம் கூட்டல் கழித்தலுக்கே செலவிடுகிறோம். மகாகவி பாரதியை எம்.கே.பி. ஆக்கிய கையால்தான் பிள்ளைகளுக்கும் பெயர் எழுதுகிறோம்.

பெற்றவள் விருப்பம், பள்ளியில் கேலிக்கு ஆளாகப் போவது நீயா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும்.

அன்று சாயங்காலம் மகிழமரத்துக் கதையை முழுதாகச் சொன்னேன். தோழிகள் சுந்தரரை மடக்கிய இடத்தில் பிள்ளை பெற்றவள் கையைத் தட்டினாள். "செம அங்கிள் அவங்க" என்றாள். குழந்தையைப் பார்த்து ஒரு தடவை, "சங்கிலி" என்று கூப்பிட்டும் பார்த்தாள். அவள் அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக, "ஆனா எட்டு வருதே அங்கிள். இன்ஷியல் சேத்தா எவ்ளோ வரும்?"

குழந்தையின் அப்பா பெயர் கே-யில் தொடங்குகிறது. கே-வுக்கு 2. பதினேழும் இரண்டும் பத்தொன்பது, ஒன்றும் ஒன்பதும் பத்து, கடைசியில் ஒன்று. சூரியன். அந்தச் சங்கிலி பிறந்த ஊரும் ஞாயிறு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கணக்கைப் போட்டுக் கொடுத்தது நான்தான்.