ஸ்பானிய மொழிக்குத் தமிழ் வழி

காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு பட்டுக்கடை. ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் அம்மையார் புடவை ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "மே குஸ்தா எஸ்தே சாரி" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியம் படிக்கும் மாணவன் இங்கே திகைத்துப் போவான். ஆங்கிலத்தில் இந்த வாக்கியத்துக்கு எழுவாய் 'நான்'. ஸ்பானியத்திலோ 'நான்' என்ற சொல்லே இல்லை. 'மே' என்றால் 'எனக்கு'. 'எனக்கு இந்தப் புடவை பிடித்திருக்கிறது', அவ்வளவுதான்! எழுவாய் புடவையே. பல புடவைகள் பிடித்துவிட்டால் வினையும் பன்மையாகி 'குஸ்தான்' என்றாகும். நாமும் எழுத்தில் 'பிடித்திருக்கின்றன' என்கிறோமல்லவா?

"ஆங்கிலமே தடுமாறுகிறது, இன்னொரு ஐரோப்பிய மொழி எப்படி ஐயா வரும்?" என்று தமிழ்வழியில் பயின்ற மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் இயற்பியல் ஆசிரியன், மொழியறிஞன் அல்லன். ஆயினும் ஸ்பானியத்தில் பல இடங்களில் ஆங்கிலம் குறுக்கே நிற்கிறது, தமிழ் கைகொடுக்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன்.

'போகிறேன்' என்றாலே போதும், 'நான்' வேண்டியதில்லை. ஸ்பானியத்திலும் அப்படியே. அங்கே அந்தச் சொல் ஏறக்குறைய 'போய்' என்றே ஒலிக்கும்! இது வெறும் தற்செயல். உறவு கொண்டாட வேண்டாம்.

'ஒரு படம் பார்த்தேன்' என்கிறோம். 'அண்ணன் பார்த்தேன்' என்போமா? 'அண்ணனை' என்று 'ஐ' உருபு வந்தே தீரும். ஸ்பானியரும் படத்தைப் பார்க்கும்போது ஒன்றும் சேர்ப்பதில்லை. அண்ணனைப் பார்க்கும்போது அவருக்கு முன்னால் 'ஆ' என்றொரு சிறு சொல்லை வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. ஆனால் நாம் 'அந்தப் படத்தை' என்றும் சொல்வோம். அவர்கள் அங்கே 'ஆ' போடமாட்டார்கள்.

மிகவும் குழப்புவது ஆங்கிலத்தின் ஒரே வினைக்கு ஸ்பானியத்தில் 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் இருப்பதுதான். நிரந்தரமானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று எளிய விதி ஒன்று சொல்வார்கள். இது நம் ஊரிலேயே பொய்த்துப் போகிறது! எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில் சுமார் 1300 ஆண்டுகளாக ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆயினும் அது காஞ்சியில் இருக்கிறது என்பதற்கு எஸ்தார்தான் வரவேண்டும். 'நிற்றல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது எஸ்தார். இடத்தையும் நிலையையும் அது சொல்லும்.

தமிழில் 'இது பட்டு' என்பதில் வினையே இல்லை, அங்கே செர். 'பட்டு நனைந்திருக்கிறது', 'கோயில் காஞ்சியில் இருக்கிறது' என்பவற்றில் 'இரு' வருகிறது, அங்கே எஸ்தார். பாதித் தொலைவு தமிழே கொண்டுபோய் விட்டுவிடும். அதன் பிறகு நாமே நடக்க வேண்டும். 'உயரமாக இருக்கிறான்', 'களைப்பாக இருக்கிறான்' இரண்டுக்கும் நமக்கு 'இரு'தான். ஸ்பானியர் இயல்பான உயரத்துக்குச் செரையும், வந்தடைந்த களைப்புக்கு எஸ்தாரையும் கொள்வர். இறந்தவர் திரும்பி வருவதில்லை. ஆனாலும் இறப்பு வந்தடைந்த நிலையாதலால் அதற்கும் எஸ்தாரே.

மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'எல் மாங்கோ எஸ் பெர்தே' என்றால் அதன் நிறம் பச்சை. 'எஸ்தா பெர்தே' என்றால் அது இன்னும் பழுக்கவில்லை, காய்! 'மாங்கோ' என்ற சொல்லும் தென்னிந்தியாவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதுதான்.